அலுமாரியின் அடித்தட்டில் ஒரு போர்வை



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். வாப்பாவின் பழைய சாறன் ஒன்று, பெருநாளைக்குத் தைத்த சட்டையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள், நடுவில் நைந்து கரை மட்டும் மிஞ்சிய உம்மாவின் பருத்திச் சாரி, மகளுக்குக் குட்டையாகிப்போன கவுண்கள்... உடுக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. கடைசியில் இவை அடுப்படித் துணியாகவோ வாசற்படி மிதியடியாகவோ முடிந்துபோகின்றன.

இவற்றைச் சேர்த்து ஒரு போர்வை தைக்கலாமே என்றால், "ஒட்டுப் போட்டதையா போர்த்துவது? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று தயங்குகிறோம். அந்தத் தயக்கம் சரிதானா?

ஒட்டுத்துணி இழிவா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பையும் தாமே செப்பனிடுவார்கள் என்று அவர்கள் பதில் சொன்னதாக ஹதீஸில் காண்கிறோம்.

இன்னொரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றை அன்னையவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்தார்கள். அன்னையவர்கள் அந்தச் சீலையை வீசிவிடவில்லை. வெட்டித் தலையணைகளாக்கிக் கொண்டார்கள். சட்டத்தை மதித்ததும் நடந்தது, துணி வீணாகாமலும் போயிற்று. நம் அன்னையின் கை செய்த வேலையை நாம் செய்வதில் என்ன வெட்கம்?

நம் ஊர்த் துணி

கல்முனைக்கு வடக்கே உள்ள மருதமுனையின் கைத்தறிச் சாறனையும் சாரியையும் அறியாத வீடு நம் கரையோரத்தில் இல்லை. அங்கே நூல் சுற்றுவதிலும் தறியில் இருந்து நெய்வதிலும் பெண்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. 1977ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதித் துணி தாராளமாக வந்து குவிந்தபோது நாட்டின் கைத்தறித் தொழில் தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு வீடுகளும் போயின. தறிகளும் நூலும் கடலோடு போயின. எத்தனையோ குடும்பங்களுக்கு மௌத்தானவரின் ஞாபகமாக ஒரு முழத் துணிகூட மிஞ்சவில்லை.

ஆகவே, உங்கள் அலுமாரியில் பழைய கைத்தறிச் சாறன் ஒன்று இருந்தால் அதைக் கந்தல் என்று எண்ணாதீர்கள். பல முறை துவைத்து மெதுமையான பருத்தித் துணியைப்போல் பிள்ளையின் உடம்புக்கு இதமானது வேறில்லை.

கடலுக்கு அப்பால்

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், உத்தர கன்னட மாவட்டத்தின் ஹலியால், எல்லாப்பூர் பகுதிகளில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் மூதாதையர் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள். முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என மூவகையினரும் இவர்களில் உண்டு. இந்தப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு கையால் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். மெஷின் தேவையில்லை, உள்ளே பஞ்சும் தேவையில்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியால் ஒரு 'பூ' வைப்பார்கள். பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடம்பைப் போன்றது என்பது அவர்கள் எண்ணம். முஸ்லிம் பெண்கள் சிலர் பிறை வடிவத்தையும் வைத்துத் தைப்பதுண்டு.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கும், மாரிகாலத்து இராக் குளிருக்கும் இந்தப் போர்வை பொருத்தமானது. நாமும் தைத்துப் பார்ப்போமா?

குழந்தைப் போர்வை: தைக்கும் முறை

முதலில் துணியைத் தெரிவு செய்யுங்கள். பருத்தியோடு பருத்தியையே சேருங்கள். நைலோனைக் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. நிறம் போகுமா என்று பார்க்க, துணியை நனைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். சாயம் ஒட்டினால், நிற்கும்வரை அதைத் தனியாக அலசுங்கள்.

பழைய சாறனில் 37 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, நான்கு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். இதுவே அடித்துணி. ஆறு, ஏழு அங்குல அளவில் நாற்பது, ஐம்பது துண்டுகளை வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

பூ வைப்பதானால், மூன்று அங்குலச் சதுரத் துண்டை இருமுறை மூலைவாட்டில் மடித்து, அதன் வெட்டு ஓரம் உள்ளே மறையும்படி போர்வையின் மூலைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பிறகு முதல் துண்டை அந்த மூலையில் வைத்து, வெளிப்பக்க ஓரங்களை உள்ளே மடித்து, அடித்துணியின் மடிப்போடு பொருத்தித் தையுங்கள். உள்பக்க ஓரங்களை மடிக்காமல் விடுங்கள். அடுத்த துண்டின் ஓரத்தை மடித்து, முந்திய துண்டின் மடிக்காத ஓரத்தின் மேல் அரை அங்குலம் ஏறும்படி வையுங்கள். இப்படியே ஓரத்தைச் சுற்றி முடித்து, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று நடுவை நோக்கி வாருங்கள். நடுவில் வைக்கும் கடைசித் துண்டுக்கு மட்டும் நான்கு பக்கமும் மடிக்க வேண்டும்.

இரட்டை நூல் கோத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் சாதாரணத் தையலே போதும். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வரி என்று, அடித்துணியையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே போங்கள். முடிச்சுகள் துண்டுகளுக்கு அடியில் மறையட்டும். ஏணையில் கிடக்கும் பிள்ளைக்கென்றால் பொத்தான், மணி எதுவும் வைக்க வேண்டாம். மிருகப் படம் போட்ட துணிகள் இருந்தால் அவற்றை முஸல்லாவுக்கு எடுக்காமல், இருக்கை மெத்தைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ஞாபகம் போர்த்தும் போர்வை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஏழைக் கறுப்பின மக்களின் கிராமம் ஒன்று உண்டு. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், 1942இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்த உடைகளை வெட்டிப் போர்வையாகத் தைத்தார். அதைப் போர்த்தி அவரை நினைத்துக்கொள்வதே நோக்கம். அந்தக் கிராமத்துப் பெண்களின் போர்வைகள் 2002ஆம் ஆண்டு பெரிய அரும்பொருட் காட்சிச்சாலைகளின் சுவர்களில் தொங்கின.

நம்மில் மௌத்தானவரின் உடைகளை ஸதக்காவாகக் கொடுத்துவிடுகிறோம். நல்ல காரியம். ஆனால் அவை வாரிசுகளுக்குரிய சொத்து என்பதை மறக்க வேண்டாம். எல்லோருடைய சம்மதத்தோடும் ஒரே ஒரு சாறனை எடுத்துவைத்தால், அப்பாவைக் காணாத பேரப்பிள்ளை அவருடைய துணிக்குள் உறங்கும். அதைப் போர்த்தும்போதெல்லாம் அவருக்காக ஒரு துஆ கேட்கவும் பிள்ளை பழகும்.

விற்பதானால்

"கழிவுத்துணிதானே, இதற்கு இவ்வளவா?" என்று பேரம் பேச ஆள் வரும். அப்போது நீங்கள் தடுமாறக் கூடாது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு மாதம் தைத்தால் முப்பது மணி நேரம். தைத்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். நூல் விலையையும் எழுதுங்கள். துணி இனாமாகக் கிடைத்திருக்கலாம், உங்கள் கண்ணும் விரலும் இனாமல்ல. வேலையாளின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உங்கள் கூலியை நீங்களே குறைத்துவிடாதீர்கள்.

முதல் போர்வையை மட்டும் விற்க வேண்டாம், சகோதரிகளே. தையல் கோணினாலும் வீட்டிலேயே இருக்கட்டும். அஸருக்குப் பின் மகளையும் மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைக்கும்போது, "இது யாருடைய சாறன், உம்மா?" என்று அவர்கள் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் பதிலும் அந்தத் தையலோடு சேர்ந்து நிற்கும்.

வீண்விரயம் செய்யாத கைகளாக நம் கைகளை வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.