உங்களுக்குத் தெரியுமா? நீல பிளாஸ்திரியின் வேலை
பிஸ்கட், ரொட்டி ஆலைகளில் லைனில் நிற்கும் ஆபரேட்டரின் விரலில் வெட்டுப்பட்டால், போடுவது பளிச்சென்ற நீல பிளாஸ்திரி. நீல நிற உணவு அரிது. மாவில் விழுந்தாலும் கண்ணில் படும். கண் தப்பினால்? பிளாஸ்திரிக்குள் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். மெட்டல் டிடெக்டர் பிடித்துவிடும். அந்தக் கருவியையும் கண்மூடி நம்புவதில்லை. இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று வகைச் சிறு குண்டுகள் பதித்த சோதனைத் துண்டுகளை, குறித்த நேரங்களில் ஆபரேட்டர் பெல்ட்டில் அனுப்பிப் பார்ப்பார். நழுவுவதில் கெட்டிக்காரன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். வேடிக்கை, ஆலை இயந்திரங்களில் பெரும்பகுதியும் அதே உலோகம்! ஒரு குண்டைக் கருவி கோட்டைவிட்டாலும், முந்தைய சோதனைக்குப் பின் ஓடிய சரக்கு முழுவதையும் நிறுத்திவைத்து மறுபடி சோதிக்க வேண்டும்.