அச்சுக்குப் பூச வேண்டியது எது, பூசலாகாதது எது?

சென்ற ஆண்டு மண்பாண்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். இருப்புக் கணக்கில் 24 பிளாஸ்டர் அச்சுகள் காணப்பட்டன. கடன் பெற்றுச் செய்வித்த அவற்றுள் ஒன்றேனும் வேலைக்கு உதவும் நிலையில் இல்லை. பொம்மை எளிதில் விடுபட வேண்டுமென்று, ஒவ்வொரு வார்ப்புக்கு முன்பும் அச்சின் உட்புறத்தில் தேங்காயெண்ணெய் தடவி வந்திருக்கின்றனர். மண் முன்னிலும் அதிகமாக ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போதவில்லை என்று கருதி, மேலும் தடவினர். அங்கத்தினர்களின் உழைப்பு இவ்வாறு வீணாகாதிருக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிளாஸ்டர் என்பது ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் வறுத்துப் பொடித்த தூளாகும். வறுக்கும்போது ஜிப்சத்திலுள்ள நீரில் முக்கால் பங்கு நீங்கிவிடுகிறது. தூளில் நீர் சேர்த்தால், இழந்த நீரை அது மீண்டும் ஏற்று, சூடேறிக் கல்லாக இறுகுகிறது. 1 கிலோ தூள் இறுகுவதற்கு 200 கிராமுக்கும் குறைவான நீரே வேண்டும். ஆனால் அச்சுக்கு 700 கிராம் நீர் சேர்க்கிறோம். எஞ்சிய நீர் உலர்ந்து வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளே களிமண் குழம்பின் நீரை உறிஞ்சுகின்றன. நீர் குறைந்த மண் இறுகிச் சுருங்கி, அச்சைவிட்டுத் தானே விலகுகிறது. துளைகளை எண்ணெயால் அடைத்துவிட்டால் உறிஞ்சுதல் ஏது? விலகுதல் ஏது?

அவ்வாறாயின் ஒட்டாப் பூச்சு வேண்டுவதேயில்லையா? வேண்டும், ஆனால் அச்சைச் செய்யும்போது மட்டுமே. மூல உரு எப்பொருளால் ஆனதோ அதற்கேற்பப் பூச்சைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

ஈரக் களிமண் உருவுக்குப் பூச்சே தேவையில்லை. மர உருவுக்கு முதலில் அரக்கு வார்னிஷ் பூசி உலர்த்தி, அதன்மேல் மிக மெல்லியதாக எண்ணெய் தடவலாம். கண்ணாடி, உலோகம், மெருகிட்ட பீங்கான் ஆகியவற்றுக்கு ஒரு துளி வாசலினைத் துணியால் தேய்த்துத் துடைத்தாலே போதும். பிளாஸ்டரின்மேல் பிளாஸ்டரை வார்க்கும்போது சோப்புக் கரைசலே சிறந்தது. பொட்டாஷ் மென்சோப்பை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் பூசி, ஈரப் பஞ்சினால் மிகுதியைத் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக நிற்கும்வரை மூன்று நான்கு முறை இவ்வாறு செய்க. பிளாஸ்டரிலுள்ள சுண்ணச் சத்தும் சோப்பும் சேர்ந்து நீரில் கரையாத மெல்லிய படலமாகின்றன; அதுவே இரு பாகங்களையும் பிரித்து வைக்கிறது. நுரை தங்கிவிட்டால் புதிய அச்சின் முகம் குழி விழுந்து கெடும்.

நெசவாளர்க்கு இது புதுமையன்று. பாவுக்குக் கஞ்சியிடாமல் நெய்தல் அரிது. ஆனால் நெய்த துணிக்குச் சாயமேற்றும் முன் அதே கஞ்சியை நீக்கியாக வேண்டும். ஒரு கட்டத்தில் துணை செய்வது மறு கட்டத்தில் இடையூறாகிறது.

அச்சு வார்க்கும் முறையும் எளிதே. 700 மில்லி லிட்டர் நீரில் 1 கிலோ தூளைச் சிறிது சிறிதாகத் தூவுக. தூளின்மேல் நீரை ஊற்றலாகாது. இரண்டு நிமிடம் ஊறவிட்டு, காற்றுக் குமிழி புகாமல் கலக்கி, பாலேடு போல் திரளும்போது வார்க்க வேண்டும். இறுகும்போது சூடேறுமாதலால் கையை அதனுள் வைத்திருத்தல் ஆபத்து. இறுகிய அச்சை 45 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் உலர்த்துக. அதிக வெப்பத்தில் அது மீண்டும் நீரிழந்து உதிரும். புதிய அச்சின் முதல் இரண்டு மூன்று வார்ப்புகளை விலக்கிவிடுக. தங்கியிருக்கும் சோப்பை அவை எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டர்த் துண்டு களிமண்ணில் விழாதிருக்கட்டும். சுட்ட பாண்டம் அவ்விடத்தில் வெடித்துச் சிதறும்.

எப்படிப் பேணினாலும், வேலை செய்யும் அச்சு நாளடைவில் தேயும். எனவே ஒவ்வோர் உருவுக்கும் ஒரு தாய் அச்சைச் சங்கத்தின் பொதுச் சொத்தாகப் பதிவு செய்து, பூட்டி வைத்தல் நலம். சோப்புக் கிண்ணமும் எண்ணெய்க் கிண்ணமும் தாய் அச்சு இருக்கும் அறையிலேயே இருக்கட்டும். வார்ப்புக் கூடத்துக்குள் அவை வரலாகாது. இவ்வொரு விதியைக் கடைப்பிடித்தால் அச்சும் நிலைக்கும், அதற்காக வாங்கிய கடனும் அடையும்.