பிள்ளையின் மலம் வெளுத்தால் காத்திருக்காதீர்கள்!



பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் லயத்தில் எல்லாரும் சொல்வது என்ன? "காலை வெயில்ல கொஞ்சம் காட்டு, தானா போயிடும்." பல பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் மஞ்சள் இறங்கிவிடுவது உண்மைதான். ஆனால் 14 நாள் கடந்தும் கண்ணில் மஞ்சள் நின்றால் அது வேறு சங்கதி. அதற்கு வெயில் மருந்தல்ல.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் குழாய் வழியே குடலுக்கு வடிகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான். சில பிள்ளைகளுக்குக் கல்லீரலுக்கு வெளியே உள்ள அந்தப் பித்தக்குழாய் வீங்கி, தழும்பேறி, அடைபட்டு, கடைசியில் வெறும் நாராகிவிடுகிறது. வடிய வழியில்லாத பித்தநீர் ஈரலுக்குள்ளேயே தேங்குகிறது. உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வழி தேடுவதுபோலப் பெருகுகின்றன. அவற்றிலும் பித்தம் கட்டிக்கொள்கிறது. சுற்றிலும் நார் படர்ந்து, மெத்தென்ற ஈரல் இறுகிப்போகிறது. ஊசியால் ஈரலில் சிறு துணுக்கு எடுத்து டாக்டர்கள் பார்ப்பது இந்த மாற்றங்களைத்தான்.

பிள்ளை முதலில் நன்றாகப் பால் குடிக்கும், கொழுகொழு என்றிருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். துணியைப் பாருங்கள். மலம் வெள்ளையாகவோ, சாம்பலாகவோ, வெளிறிய களிமண் போலவோ இருக்கிறதா? மூத்திரம் கறைபடும் அளவு மஞ்சளா? அந்தத் துணியையும் கையோடு கொண்டுபோய் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். மொத்த பிலிருபினை மட்டும் பார்த்தால் போதாது; இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வழி இருக்கிறது. ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவையில், கெட்ட குழாயை நீக்கிவிட்டுக் குடலையே ஈரலோடு இணைக்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ள ஈரல் இறுகிவிடும். பலருக்குப் பின்னாளில் ஈரல் மாற்றமும் தேவைப்படலாம். ஒன்றுமே செய்யாமல் விட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிற அட்டை கொடுத்தார்கள்; நோயைச் சீக்கிரமே பிடிக்க முடிந்தது.

இது தொற்றும் நோயல்ல. தாய் சாப்பிட்ட சாப்பாட்டால் வந்ததுமல்ல. ஆகவே, மாமியார்மாரே, மருமகளைக் குறை சொல்லி நாளைக் கடத்தாதீர்கள்.

ஒருநாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். பிள்ளையின் ஈரலுக்கு அந்த ஒருநாளும் பெரிது. நாளைக் காலையே கிளினிக்குக்குக் கிளம்புங்கள்!