முதுமை வேறு, நோய் வேறு: கைவிடப்பட்ட வயதான நாய்களைத் தேற்றும் வீடுகள்

மீட்கப்பட்ட நாய்க்கு நிரந்தர வீடு அமையும்வரை ஒரு குடும்பம் அதைத் தன் வீட்டில் வைத்துப் பராமரிப்பதை விலங்கு நல ஆர்வலர்கள் ‘ஃபாஸ்டர்’ என்கிறார்கள். இது தத்தெடுப்பு அல்ல. நாய், அதை மீட்ட குழுவின் பொறுப்பிலேயே இருக்கும். மருத்துவச் செலவையும் பெரும்பாலும் குழுவே ஏற்கும். இடம், நேரம், கவனிப்பு ஆகிய மூன்றும் அந்தக் குடும்பத்தின் பங்கு. குட்டி நாய் என்றால் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். வயதான நாய்க்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

நாய்க்கு எப்போது முதுமை தொடங்குகிறது என்பது அதன் உடல்வாகைப் பொறுத்தது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்கள் 7 வயதை ஒட்டியே முதுமைக்குள் நுழைகின்றன. பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு 10 வயதை நெருங்கும்போதுதான் அது தொடங்கும். தெருவுக்கு வரும் வயதான நாய்களில் பல, ஒரு காலத்தில் செல்லமாக வளர்ந்தவை. வளர்த்தவர் இறந்துவிடுகிறார், குடும்பம் அடுக்குமாடிக்குக் குடிபோகிறது, மருத்துவச் செலவு கட்டுப்படியாகவில்லை. இனப்பெருக்கத்துக்காகவே வளர்க்கப்பட்டுக் குட்டி போடும் வயது கடந்ததும் விரட்டப்படும் பெண் நாய்களும் உண்டு. விலங்குகளைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை என்பது வெளிப்படை.

சென்னையில் 1964-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆயினும் வயதான நாய்க்குக் காப்பகம் கடினமான இடம். சிமெண்ட் தரை மூட்டுகளை வாட்டும். இடைவிடாத குரைப்பில் தூக்கம் கெடும். பக்கத்து நாயின் தொற்று எளிதில் ஒட்டும். எல்லாவற்றையும்விட, நூறு நாய்களுக்கு நடுவே ஒரு நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதையோ இரவில் இருமுவதையோ கவனிக்க ஆள் இருப்பதில்லை. வீட்டில் அது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

இந்தக் கவனிப்புத்தான் ஃபாஸ்டரின் உயிர்நாடி. எழ முடியாமல் கிடக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், முடி உதிர்ந்து சொறி பிடித்த நாயைப் பார்த்ததும் “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த அறிகுறிகளில் பெரும்பகுதி வயதால் வந்தவை அல்ல, மருந்துக்குக் கட்டுப்படும் நோயால் வந்தவை. எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிந்துவிட்டால் பல நாய்கள் மீண்டு வந்துவிடும்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை சில. மீட்ட நாய் கைவிடப்பட்டதா, வழி தவறி வந்ததா என்று பார்க்க வேண்டும். வளர்த்தவரை அடையாளம் காட்டும் மைக்ரோசிப் உடலில் இருக்கிறதா என்று மருத்துவமனையில் ஸ்கேன் செய்யலாம். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிய நாயை இரண்டு வாரமாவது தனி அறையில் வைப்பது நல்லது. டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகள் வெளியே தெரிய நாளாகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லையென்றால், போடவில்லை என்றே கொள்ள வேண்டும். பயத்தில் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இளகிய மனத்தால் நேரும் பெரிய தவறு, பட்டினி கிடந்த நாய்க்கு வயிறு நிறையச் சோறு போடுவது. பல நாள் உணவின்றி இருந்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர் வாழப் பழகியிருக்கும். அந்த நிலையில் சோறோ பிஸ்கட்டோ குவியலாக உள்ளே போனால் இன்சுலின் திடீரென உயர்கிறது. இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசைகள் சோரும், சிவப்பணுக்கள் உடையும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட அதே ஆபத்துதான் இது. சாப்பாடு கிடைத்த பிறகு நாய் இறந்துபோவதன் காரணம் பல இடங்களில் இதுவே.

இதற்கென ஒரு கணக்கு உண்டு. 20 கிலோவுக்கு இளைத்துப்போன லாப்ரடாருக்கு, சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்குச் சுமார் 660 கலோரி தேவை. முதல் நாள் அதில் கால் பங்கு, ஏறக்குறைய 165 கலோரி மட்டும் கொடுக்க வேண்டும். அதையும் ஒரே வேளையில் வைக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். பிறகு நாய் தாங்குவதைப் பார்த்து, சில நாட்களிலிருந்து பத்து நாட்களுக்குள் முழு அளவுக்கு ஏற்றலாம். சோற்றைவிட வேகவைத்த கோழியும் முட்டையும் இப்போது ஏற்றவை. நம் வீடுகளில் முதலில் நீட்டப்படும் பாலும் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு ஆகாதவை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கும் வரும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எந்தக் காலத்திலும் கூடாது.

அடுத்து உண்ணி. தமிழ்நாட்டில் மீட்கப்படும் நாய் சோர்ந்து, காய்ச்சலோடு, சாப்பிடாமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலை. பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்ணுயிர் இரத்தத்துக்குள் போய் வெள்ளணுக்களில் குடியேறுகிறது, இரத்தத்தட்டுகள் குறைகின்றன. நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாலே சிலவற்றை அறியலாம். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். வெளிறிய ஈறு, அதில் ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையில் உறுதியானால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கப்படும். நான்கைந்து நாளிலேயே நாய் வாலாட்டி எழுந்து வந்துவிடுவதால் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் உள்ளுக்குள் தங்கிப் பின்னொரு நாள் எலும்பு மஜ்ஜையைத் தாக்க இதுவே வழிவிடுகிறது.

உண்ணியை நாயின் உடலில் மட்டும் ஒழித்தால் போதாது. அது சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருத்துவர் தரும் உண்ணி மாத்திரையோடு வீட்டின் இடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். பூனை இருக்கும் வீடு என்றால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பக்கத்திலேயே வரக்கூடாது. பூனைக்கு அது விஷம்.

மூட்டு வலிக்கு வருவோம். நாய் வலியை வெளியே காட்டாது, கத்துவது அபூர்வம். எழும்போது முன்னங்காலில் மட்டும் பாரத்தை ஊன்றி இழுத்து எழுவது, படிக்கட்டின் கீழே நின்றுவிடுவது, ஒரே மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முதுகைத் தொட்டால் உறுமுவது: இவைதான் அதன் மொழி. உறுமும் நாயைக் ‘கடி நாய்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். வலி குறைந்ததும் உறுமல் அடங்கிய நாய்கள் ஏராளம். வழுக்கும் டைல்ஸ் தரை இவற்றுக்குப் பெரும் எதிரி. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை கோணிப் பையோ பழைய யோகா விரிப்போ போட்டு, வளர்ந்த நகங்களை வெட்டிவிட்டால் நடை அன்றே மாறும். வலி மாத்திரையை மருத்துவர்தான் தர வேண்டும். மனிதர்களுக்கான ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மூட்டு வலியுள்ள குண்டான நாய்க்கு எடைக் குறைப்பே முதல் மருந்து. 48 லாப்ரடார்களை 14 ஆண்டு கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உண்டவை தம் இணைகளாக வைக்கப்பட்டு முழு அளவு உண்டவற்றைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

மூட்டு வலியைப் போலவே பல் வலியும் மறைந்திருக்கும். தட்டருகே வந்து நின்று, வாய் வைத்துவிட்டு விலகும் நாய்க்குப் பசி இல்லாமல் இல்லை, மென்றால் வலிக்கிறது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்து, ஆடும் பற்களை எடுத்துவிட்டால், பல்லில்லாமலேயே அவை நன்றாகச் சாப்பிடும். அதற்கு முன் இரத்தமும் இதயமும் சோதிக்கப்பட வேண்டும். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால்வாசி போன பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு உயரும் என்பதால், இரத்தத்தோடு சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது உத்தமம். சென்னையில் இருப்போருக்கு 1903-இல் தொடங்கிய, இன்று வேப்பேரியில் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இதற்கெல்லாம் கைகொடுக்கிறது.

மந்தமாகி, உடல் பெருத்து, முடி உதிரும் நாய்க்குத் தைராய்டு குறைவு இருக்கலாம். தினசரி மாத்திரையில் சரியாகிவிடும். ஆனால் வேறு நோய் இருக்கும்போதும் தைராய்டு அளவு குறைந்து காட்டும் என்பதால், நாய் தேறிய பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, பின்புறம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். அதற்கான அறுவைச் சிகிச்சை காத்திருக்க முடியாதது. கண்ணில் நீலப் புகை படிந்ததுபோல் இருப்பது பெரும்பாலும் வயதின் இயல்பே. அதைக் கண்புரை என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. இதயத்தை வீட்டிலேயே கண்காணிக்க எளிய வழி, நாய் ஆழ்ந்து தூங்கும்போது அதன் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணுவது. 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடல் தேறுவதோடு மனமும் தேற வேண்டும். முதல் சில நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும் நாயை இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. சாப்பாடு, வெளியே போவது, தூக்கம் மூன்றும் தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் அதற்கு நம்பிக்கை பிறக்கும். காது கேளாத நாயைத் தூங்கும்போது தொடாமல், தரையைத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதை அடம் என்று நினைப்பது தவறு. நீர்ப்பை அழற்சி, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகிய மூன்றும் இல்லை என்று சோதித்து உறுதி செய்த பிறகே பழக்கம் பற்றிப் பேச வேண்டும். இரவில் எழுந்து சுற்றுவது, மூலையில் முட்டிக்கொண்டு நிற்பது ஆகியவை மறதி நோயாக இருக்கலாம். மனிதர்களின் அல்சைமரில் படியும் அமிலாய்டு புரதமே நாய்களின் மூளையிலும் படிகிறது. அதைக் குணப்படுத்த முடியாது. மருந்தும் ஒழுங்கான தினசரி வழக்கமும் அதன் வேகத்தைக் குறைக்கலாம்.

எடை ஏறி, புண் ஆறி, கருத்தடைக்கு உடல் தாங்குமா என்று மருத்துவர் முடிவு செய்த பிறகு தத்துக்கு அறிவிக்கலாம். வயதைக் குறைத்துச் சொல்லவோ நோயை மறைக்கவோ கூடாது. மறைத்துக் கொடுத்த நாய் திரும்பி வரும். இரண்டாவது முறை கைவிடப்படுவது அதற்கு முதல் முறையைவிடக் கொடுமை. “மாதம் இவ்வளவு மருந்துச் செலவு, இரண்டு வேளை மாத்திரை, படி ஏறாது, குழந்தைகளோடு பழகும், பூனையைக் கண்டால் துரத்தும்” என்று உள்ளது உள்ளபடி எழுதினால் சரியான வீடு தானே அமையும். ஓட்டமும் குதியாட்டமும் வேண்டாத, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு இந்த நாய்கள் நன்கு பொருந்துகின்றன. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷெரி ஃபிராங்க்ளின் 2007-இல் தொடங்கிய மட்வில் என்ற அமைப்பு வயதான நாய்களை மட்டுமே மீட்டு, மூத்த குடிமக்களின் வீடுகளில் சேர்ப்பதற்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறது. தத்தெடுப்பவர் முதியவர் என்றால், அவருக்குப் பின் நாயைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் பெயரையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லா நாயும் தத்துக்குத் தேறாது. பரவிய புற்றுநோயோ முற்றிய சிறுநீரக நோயோ இருந்தால், வலியில்லாமல் கடைசிவரை அதே வீட்டில் வைத்துக்கொள்வதே நியாயம். அந்தச் செலவையும் சில குழுக்கள் ஏற்கின்றன.

ஒப்படைக்கும்போது தடுப்பூசி அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், மாத்திரைகளின் பெயரும் வேளையும், இரண்டு வாரத்துக்கான மருந்து, அது சாப்பிட்டுவந்த உணவு, படுத்துப் பழகிய துணி எல்லாம் கூடவே போக வேண்டும். புதிய உணவுக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். ஒத்துவராவிட்டால் நாயை மீட்புக் குழுவிடம்தான் திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையை நினைவூட்டுவதும் மீட்புக் குழுவின் பொறுப்பு.