கம்பஸ் பிள்ளைக்குப் பழைய கார்: விலைக்கு முன் உப்பையும் புத்தகத்தையும் பாருங்கள்

நெடுந்தீவுக்குப் புடவை வியாபாரத்துக்காகப் போய்வரும் நம் சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். அவர் வழமையாகத் துணி கொடுக்கும் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தாய்க்கு மாதாமாதம் யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக். வெளிநாட்டில் இருக்கும் மாமா கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஒரு பழைய கார் எடுத்தால் தம்பி கம்பஸ் போகவும் ஆகும், அம்மாவைக் கிளினிக் கொண்டுபோகவும் ஆகும். எந்தக் கார் நல்லம்?" இதுதான் கேள்வி. புத்தளத்திலும் மன்னாரிலும் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே பேச்சு நடக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் சந்தை நிலவரம். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இறக்குமதி திறந்த பிறகும் வரிகள் கடுமையாக இருப்பதால் புது வாகனம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. மாணவனின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அவனைவிட வயது கூடிய கார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய வண்டியைப் பார்த்து 'நல்ல கொம்பனி, நல்ல மொடல்' என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. அந்த வயதில் மொடலைவிட, அது எங்கே நின்றது, யார் பாவித்தார்கள், எங்கே திருத்தினார்கள் என்பதே கூடப் பேசும்.

நெடுந்தீவைப் பொறுத்தவரை அந்த 'எங்கே நின்றது' என்பதே எல்லாம். நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியில் ஏறி, வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறை வரை 30 கிலோமீற்றருக்கு மேல் தரைவழி. அங்கிருந்து படகில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகலாம். கார் என்றால் அது தனி ஏற்பாடு, தனிச் செலவு. வாராவாரம் நடக்கிற காரியமல்ல. ஆகவே தீவுப் பிள்ளை வாங்கும் கார் தீவுக்குப் போகாது, துறையடியில்தான் நிற்கும். வாங்குவதற்கு முன் குடும்பம் இதை மனதில் எடுக்க வேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத மாரி நாட்களில் கார் அக்கரையில், ஆள் இக்கரையில்.

துறையடியில் நிற்கும் காரை உப்பு தின்னும். சோழகம் வீசும் மாதங்களில் கடல் தூவானம் காற்றோடு வந்து தகட்டின் மடிப்புகளுக்குள் போய்க் குந்திவிடும். மேலே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும். கதவுக்குக் கீழே உள்ள சட்டம், ஜாக்கி வைக்கும் இடம், பிறேக் ஒயில் போகும் இரும்புக் குழாய், சைலன்சர் எல்லாம் உள்ளுக்குள் அரிந்துகொண்டிருக்கும். இதில் உயிருக்கு ஆபத்தானது பிறேக் குழாய். அது ஒரு நாள் அவசரமாக அமத்தும்போதுதான் வெடிக்கும். தீவகத்தில் ஓடிய காரைக் கொழும்பில் ஓடிய காரின் விலைக்கு யாராவது சொன்னால், கிலோமீற்றர் மீட்டரைக் காட்டி அவர் சொல்லும் கதையைக் கேட்கத் தேவையில்லை. காரைத் தூக்கிவைத்து அடியைப் பாருங்கள்.

அடியில் புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் பளபளவென்று இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். சுத்தம் செய்து அடித்தால் அது பாதுகாப்பு. துருவின் மேல் அப்படியே அடித்தால் அது மூடிமறைப்பு. ஈரத் தானியத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பி விற்ற வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாகனம் விற்கும் நம் சகோதரர்கள் சிலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஸ்குறூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினாலே நல்ல தகட்டின் சத்தமும் அரிந்த தகட்டின் சத்தமும் வேறுபடும். துணியில் சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் புட்டி இருக்கிறது.

சரி, எந்தக் கார்? இதற்கு யாழ்ப்பாணத்தின் பழைய அனுபவம் ஒன்று பதில் வைத்திருக்கிறது. ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் போன்ற 1950களின் பிரிட்டிஷ் கார்கள் உலகின் மற்ற இடங்களில் காட்சிப் பொருளாகிப் பல காலத்துக்குப் பிறகும் இங்கே வாடகைக்கு ஓடின. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வரத்து இல்லாமல் போனபோது, துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்த எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அதனால் மட்டமான எரிபொருளையும் தாங்கின. இன்றைய எஞ்சினில் அதைச் செய்தால் தட்டித் தட்டியே உடைந்துவிடும். அதைவிட முக்கியமானது, கராஜ் பாஸ்மாருக்கு அந்தக் கார்களின் ஒவ்வொரு ஆணியும் தெரியும். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து போட்டார்கள். கார் நல்லதென்பதால் மட்டும் ஓடவில்லை. திருத்தும் கை பக்கத்தில் இருந்ததால் ஓடியது.

இன்றைய மாணவனும் அதே கணக்கைத்தான் போட வேண்டும். வீட்டுக்கும் கம்பஸுக்கும் இடையில் உள்ள கராஜ்களில் போய்க் கேளுங்கள்: "இந்தக் கார் வந்தால் திருத்துவீங்களா? சாமான் இங்கேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா?" பதில் தயங்கி வந்தால் அந்தக் காரை விடுங்கள். மாருதி 800 பலருக்குச் சிரிப்புக் கார். ஆனால் 796 சீசீ எஞ்சின், மூன்றே சிலிண்டர், இந்தியாவில் 1983 முதல் 2014 ஜனவரி வரை செய்யப்பட்ட வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. ஏசி பலவீனம், கதவு மெல்லிசு, நெடும்பயணத்துக்குக் களைப்பு. ஆனாலும் வீதியில் நின்றால் யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். கொஞ்சம் கூடப் பணம் இருந்தால் அல்ற்றோ, நிசான் மார்ச், பழைய கொறோலா, ஸ்ரார்லெற் என்ற வரிசை. இவை கம்பீரமான தெரிவுகள் அல்ல. கூட்டாளிமார் சிரிக்கட்டும்.

ஹைபிரிட் பக்கம் மாணவர்கள் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து ஏராளமாக வந்த ஹைபிரிட் கார்கள் இப்போது கவர்ச்சியான விலையில் வரும். பெற்றோல் குறைவாகக் குடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பெரிய பற்றரி விழுந்தால் அந்தச் செலவு ஒரு மாணவனின் குடும்பத்தை அசைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் வாகனங்கள் மூழ்கின. கழுவிக் காயவைத்த வண்டிகள் வேறு மாவட்டத்துக்குப் போய் விற்பனைக்கு நிற்பது எந்த வெள்ளத்துக்குப் பிறகும் நடப்பதுதான். சீற் பெல்ற்றை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள்; கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சீற்றின் கீழ் இரும்புச் சட்டத்தில் துரு, கம்பளத்தின் அடியில் மணல், முன் விளக்குக்குள் பனி பிடித்தாற்போல் ஈரம் ஆகியவையும் அதையே சொல்லும். எஞ்சின் சூடாகாத நிலையில் விடியற்காலையில் போய் நீங்களே ஸ்ரார்ட் பண்ணுங்கள். போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஒருவர் தள்ளிக் கிளப்பியிருக்கலாம். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ரேடியேற்றர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது என்று பயப்பட வேண்டும்.

இனிப் புத்தகம். துருவைவிட அதிகமான இளைஞர்களைச் சிக்கவைப்பது இதுதான். நம் நாட்டில் 'ஓப்பன் பேப்பர்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல் அதே கடதாசியோடு அடுத்தவருக்கு விற்பார். நாலு கை மாறிய பிறகு ஐந்தாவதாக மாணவன் வருகிறான். விலை கொஞ்சம் குறைவு, அவனுக்குச் சந்தோஷம். வடக்கில் இதன் ஆபத்து இன்னும் கூட. புத்தகத்தில் உள்ள முதல் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், அல்லது மௌத்தாகியிருப்பார். கையெழுத்து ஒத்துவரவில்லை, படிவம் பழசு என்று திருப்பி அனுப்பினால் மறுபடி கையெழுத்துக்கு யாரிடம் போவது? விபத்து நடந்தால் வழக்கு ஒருவர் பெயரில், வண்டி இன்னொருவர் கையில்.

முறை இதுதான். சீ.ஆர். புத்தகத்தில் உள்ள உரிமையாளரையே நேரில் சந்திக்க வேண்டும். அடையாள அட்டையோடு பெயரை ஒப்பிட வேண்டும். வாங்குபவருக்கான எம்.டி.ஏ. 6, விற்பவர் அறிவிக்கும் எம்.டி.ஏ. 8 ஆகிய இரண்டு படிவங்களையும் அன்றைய திகதியோடு நிரப்பி, தாமதிக்காமல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுக்க வேண்டும். விற்பவருக்கும் இது பாதுகாப்பு, எம்.டி.ஏ. 8 கொடுக்காதவரைத் தேடித்தான் பிறகு பொலிஸ் வரும். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று ஒரு பைனான்ஸ் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதமும் அந்தப் பெயர் நீக்கப்பட்ட புத்தகமும் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். செஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் தேடிப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கடலோர வண்டிகளில் செஸி இலக்கம் துருவில் மங்கியிருக்கும். "தெரியாவிட்டால் பரவாயில்லை, பழைய வண்டிதானே" என்பார்கள். பரவாயில்லை அல்ல, அது பெரிய பிரச்சினை. வருட லைசன், புகைப் பரிசோதனை, காப்புறுதி மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள். லைசன் பல வருடம் கட்டாமல் கிடந்த வண்டிக்கு நிலுவையும் தண்டமும் சேர்ந்து வரும்; அதை விலையில் கழிக்க வேண்டும்.

கடதாசியின் பெறுமதியை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் காணி உறுதியையும் விட்டுவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போனபோது, என்னுடையது என்று சொல்லக் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்களும் அவர்களே.

பணத்தை எப்படித் திரட்டுவது? மாணவனுக்கு வருமானம் இல்லை. ஆகவே லீசிங் என்றால் அது வாப்பாவின் பெயரில், வீட்டின் தலையில். வட்டி ஹராம் என்பது நமக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்தாலும், வருடா வருடம் பெறுமதி இறங்கும் பழைய வண்டிக்கு மாதத் தவணை கட்டுவது கணக்குக்கே ஒத்துவராது. அமானா வங்கியிலும் வேறு சில நிறுவனங்களின் இஸ்லாமியப் பிரிவுகளிலும் இஜாரா முறை இருக்கிறது. அங்கும் ஒப்பந்தத்தை வாசியுங்கள்: தவணை பிந்தினால் என்ன, வண்டி முழுதாக அழிந்தால் நட்டம் யாருடையது, இடையில் முடித்துக்கொள்ளலாமா? மிகப் பழைய வண்டிகளுக்குப் பொதுவாக நிறுவனங்கள் பணம் தர விரும்புவதில்லை என்பதால், மாணவனின் தேர்வுக்கு இது பெரும்பாலும் கைகொடுக்காது. கையில் இருக்கிற பணத்துக்குள் வாங்குவதே சரி. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். பிறேக், ரயர், பற்றரி, ரைமிங் பெல்ற் ஆகியவை முதல் மாதத்திலேயே கேட்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகு அந்த நெடுந்தீவுக் குடும்பத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். குறிகட்டுவானுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகவர 70 கிலோமீற்றர் என்று வையுங்கள். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் சின்னக் காருக்கு 5 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் ஒரு தடவைக்கு 1,500 ரூபா. தம்பி விடுதியில் தங்கிப் படித்தால் மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வருவான், அம்மாவுக்கு ஒரு கிளினிக். மாதத்தில் மூன்று ஓட்டத்துக்காக ஒரு கார் 27 நாள் உப்புக்காற்றில் நிற்கப்போகிறது. கிளினிக் நாளில் துறையடிக்கு ஓர் ஓட்டோவைப் பேசிவைத்தால் அந்தச் செலவு வருட லைசன், காப்புறுதி, திருத்தம் எல்லாவற்றையும்விடக் குறைவாகவே முடியும். தம்பிக்கு 100 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று, புத்தகம் சுத்தமாக, அவனுடைய பெயரிலேயே. அதற்கும் மேலே சொன்ன அதே பரிசோதனைகள்தான்.

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குப் படகு இல்லை, தினமும் போய்வரலாம். மூன்று நாலு பேர் பெற்றோல் காசைப் பங்கிட்டால் சின்னக் கார் நியாயமாகிவிடும், குறிப்பாக இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு. அப்படி வாங்குபவர்கள் காரைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தாமல் வளவின் உட்புறம், மதிலுக்கு மறைவில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் கழுவாதீர்கள்.