சாளரத்திற்கு வெளியே

இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்ஷயரில், புதர்ச்செடி படர்ந்த மேட்டுநிலங்கள் பல உள்ளன. அங்கு வாழ்ந்த எமிலி பிராண்ட்டி என்னும் நங்கை எழுதிய ஒரே புதினம் 'வுதரிங் ஹைட்ஸ்'. அஃது 1847-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'வுதரிங்' என்பது, சூறைக்காற்றின் சீற்றத்தைக் குறிக்க அந்நாட்டுப்புறத்தார் வழங்கிய சொல்லாகும்.

காதரினும், அவள் தந்தை எடுத்து வளர்த்த ஹீத்கிளிப்பும் உயிரொன்றிப் பழகியவர்கள். ஒருநாள் இருவரும் அயலிலுள்ள மாளிகையின் சாளரத்தருகே நின்று உள்ளே எட்டிப் பார்க்கின்றனர். காவல்நாய் காதரினைக் கடித்துவிடுகிறது. வீட்டார் அவளை உள்ளே கொண்டுசென்று பேணுகின்றனர், ஹீத்கிளிப்பையோ விரட்டுகின்றனர். அவன் வெளியே நின்று கண்ணாடி வழியாக அவளைக் காண்கிறான். அன்று இடைப்பட்ட தடை பின்னர் நீங்கவேயில்லை. அம்மாளிகையின் இளைஞனை மணந்த காதரின், இளமையிலேயே இறந்தாள்.

பல ஆண்டுகளுக்குப் பின், லாக்வுட் என்னும் அயலான் ஒரு பனியிரவில் அவளது பழைய அறையில் உறங்குகிறான். மரக்கிளை தட்டும் ஒலியை நிறுத்த எண்ணி, கனவில் கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டுகிறான். குளிர்ந்த சிறு கையொன்று அவன் கையைப் பற்றுகிறது. உள்ளே விடுமாறு ஒரு குழந்தையுரு கெஞ்சுகிறது. அஞ்சிய அவன், அதன் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் தேய்க்கிறான்! அலறல் கேட்டு வந்த ஹீத்கிளிப், சாளரத்தைத் திறந்து காதரினை அழைத்துக் கதறுகிறான். பனியும் காற்றுமே உள்ளே புகுகின்றன.

இச்சாளரத்தையே கேட் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகி தம் பாட்டுக்குக் கருவாகக் கொண்டார். எமிலி பிறந்த ஜூலை 30-ஆம் நாளே இவரும் பிறந்தவர். பதினெட்டு வயதில் அவர் இயற்றிய பாட்டு, புதினத்தின் பெயரையே தாங்கி 1978-இல் வெளிவந்து, பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம் பெற்றது.

புதினத்தில் காதரினின் கதையைப் பிறரே சொல்கின்றனர். பாட்டிலோ அவளே பேசுகிறாள். அயலானிடமன்று, ஹீத்கிளிப்பிடமே பேசுகிறாள். மாற்றம் சிறிதெனினும், பாட்டின் உயிர் அதிலேயே உளது. அறைக்குள்ளிருந்து அஞ்சிய நாம், இப்பொழுது அவளுடன் குளிரில் நிற்கிறோம். பாடகியின் மிக உயர்ந்த குரல் சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். குழந்தையுருவில் வந்த ஆவிக்கு அக்குரலே பொருந்தும்.

பாட்டு முடியும்வரை சாளரம் திறக்கப்படுவதில்லை. புதினத்தின் இறுதியில் அது திறந்தே கிடக்கிறது. முகமெல்லாம் மழையில் நனைய, ஹீத்கிளிப் அதனருகே இறந்து கிடக்கிறான்.