‘இன்னும் ஒரே ஒரு தடவை’: நம் கையை போனுக்கு இழுப்பது எது?

மீட்டிங் நடுவில் போனை எடுத்துப் பார்க்கிறீர்கள். புதிதாக ஒன்றுமில்லை. கீழே வைக்கிறீர்கள். ஐந்தே நிமிடத்தில் கை மறுபடியும் அங்கேயே போகிறது. ஏன் இப்படி?

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் புறாக்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் புறா, சுவரிலுள்ள வட்டைக் கொத்தினால் தானியம் வரும். பலன் தந்த செயல் திரும்ப நடக்கும் என்பது புதிதல்ல. எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பூனைகளை வைத்துக் காட்டிவிட்டார். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-ல் வெளியிட்ட நூல் அடுத்த கேள்வியைக் கேட்டது: பலனை எப்படிக் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால்?

இத்தனை தடவை கொத்தினால் தானியம் என்று கணக்கு வைத்தால், புறா தின்றுவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தலில் வரும் என்றே தெரியாதபடி செய்தால், ஏறக்குறைய நிற்காமல் கொத்தும். தானியத்தை அடியோடு நிறுத்தினாலும் லேசில் விடாது.

லிஃப்ட் பட்டன் தினமும் வேலை செய்யும். ஒருநாள் செய்யவில்லையென்றால் இரண்டு தரம் அழுத்திவிட்டுப் படியேறிவிடுவீர்கள். சூதாட்ட இயந்திரம் அப்படியில்லை. அங்கே வராமல் போவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. யுபிஐ ஸ்கிராட்ச் கார்டும் இதே ரகம்தான். ஒவ்வொரு முறையும் நிச்சயமாக 2 ரூபாய் என்றால், அதைச் சுரண்ட இவ்வளவு ஆர்வம் வருமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியில் இது விபரீதமாகிறது. ‘விட்டதைப் பிடிச்சிடலாம்’ என்று நினைப்பவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். எப்போதாவது கிடைத்த வெற்றிதான் அவரை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. பழக்கம் சட்டத்தால் மட்டும் போய்விடாது.

விட நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பலன் நின்றதும் பழக்கம் உடனே குறையாமல், முதலில் கொஞ்சம் கூடக்கூடும். அந்த நேரத்தில் ‘சரி, ஒரே ஒரு தடவை’ என்று இறங்கினால் மறுபடியும் அதே புறாப் பெட்டிதான். கடையில் ஒன்பது முறை மறுத்துவிட்டு, பத்தாவது அழுகைக்குச் சாக்லேட் வாங்கித் தந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

போனை அடியோடு விட முடியாது, சரி. நோட்டிபிகேஷனை அணைத்துவிட்டு, மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டும் பாருங்கள். நேரம் வைத்துத் தானியம் தந்தபோது புறாக்கள் இடையில் சும்மா இருந்தன. நேரம் நெருங்கியதும் வேகமாகக் கொத்தின. அதனால் 12.50-க்கு உங்கள் கை பரபரத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.